டேபிளில் தானாக விழும் ஐடி: முதல் முடிவிலிருந்து கடைசிச் சோதனை வரை

டேட்டாபேஸ் டேபிள் ஒன்றில் ஐடி புலம் (ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் எண்) வைத்து, 1, 2, 3 என்று தானாக விழும்படி செய்வது ஒரு வரி வேலை. அதை எழுதிவிட்டு, சில மாதம் கழித்துச் சலான் எண் இரட்டித்துவிட்டது, பழைய கணக்கை ஏற்றியதும் புதுப் பதிவு விழ மறுக்கிறது, பில் வரிசையில் ஒரு எண்ணைக் காணோம் என்று வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் கமாண்டைச் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியதுதான் விடுபட்டிருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு தோல் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். வேலூரில் ஆபீஸ், ராணிப்பேட்டையில் டேனரி, ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் யூனிட். நான்கு டேபிள்கள்: பார்ட்டி (கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்), லாட் (ஒரு தொகுப்புத் தோல்), சலான் (சரக்கோடு போகும் சீட்டு), பில். கடைசிவரை இதையே வைத்துப் பேசுகிறேன்.

1. கமாண்ட் எழுதும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன்? மைஎஸ்க்யூஎல் 5.7-ம் 8.0-ம் இந்த விஷயத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. போஸ்ட்கிரெஸில் 10-க்கு முன், 10-க்குப் பின் என்று எழுதும் முறையே மாறுகிறது. கையிலிருக்கும் சர்வரில் வெர்ஷனைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் லேப்டாப்பில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நெட் இல்லாதபோதும் பதிவு நடக்க வேண்டுமா? ஆம்பூர் யூனிட்டில் லைன் போனால் வேலை நிற்கக் கூடாது என்றால், ஐடியின் வகையே மாறும். இதைக் கடைசியில் கேட்டால் எல்லா டேபிளையும் பிரிக்க வேண்டிவரும்.

வெளி ஆட்களுக்குப் போகும் எண் எது? பில்லிலும் சலானிலும் அச்சாகும் எண்ணுக்குச் சட்ட விதி உண்டு. ஐடிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. இரண்டையும் முதல் நாளே பிரித்துவிட வேண்டும்.

2. ஐடிக்குள் அர்த்தத்தைத் திணிக்காதீர்கள்

புதியவர்கள் எல்லோருக்கும் வரும் ஆசை இது. மாவட்டக் குறி, ஊர்க் குறி, வருடம், எண் எல்லாவற்றையும் சேர்த்து ‘வேலூ-ஆம்-18-024’ என்று ஒரு பார்ட்டி ஐடி. பார்த்தவுடன் புரிகிறது, அழகாகவும் இருக்கிறது.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போயின. மேலே சொன்ன ஐடி அன்றைக்கே பொய்யாகிவிட்டது. மாற்றலாம் என்றால் லாட், சலான், பில் மூன்றிலும் அந்த ஐடி உட்கார்ந்திருக்கிறது. மாற்றாமல் விட்டால் மாவட்டவாரி ரிப்போர்ட் தப்பு. மாவட்டம் ஒரு தனிப் புலமாக இருந்திருந்தால் ஒரே அப்டேட்டில் முடிந்திருக்கும்.

ஜிஎஸ்டி எண்ணையே பிரைமரி கீயாக, அதாவது பதிவை அடையாளம் காட்டும் ஒரே எண்ணாக, வைப்பது அடுத்த ஆசை. அதன் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். தனி நபராகத் தொழில் செய்தவர் தம்பியைச் சேர்த்துப் பார்ட்னர்ஷிப் போட்டால் பான் மாறும், ஜிஎஸ்டி எண்ணும் மாறும். பதிவே செய்யாத சின்ன ஜாப் வொர்க்காரருக்கு (கூலிக்கு வேலை செய்து தருபவர்) அந்த எண்ணே இருக்காது. மொபைல் எண்ணை நம்புவதும் இதே கதைதான்.

அதனால் ஐடி என்பது வெறும் எண். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் வேறொரு தொல்லை வரும்: குடியாத்தத்துப் பார்ட்டி ஒருவரே மூன்று ஐடியில் மூன்று முறை பதிவாகியிருப்பார். ஐடி தனித்தனியாக இருப்பதால் டேட்டாபேஸ் எதையும் தடுக்காது. ஜிஎஸ்டி எண் புலத்துக்குத் தனியாக யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு பதிவில் வராமல் தடுப்பது) போடுங்கள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் யூனிக் புலம் எத்தனை பதிவில் வேண்டுமானாலும் காலியாக, அதாவது டேட்டாபேஸ் மொழியில் ‘நல்’ ஆக, இருக்கலாம். ஜிஎஸ்டி இல்லாதவர்களுக்கு அதனால் சிக்கல் இல்லை. எஸ்க்யூஎல் சர்வர் ஒரே ஒரு ‘நல்’ பதிவைத்தான் அனுமதிக்கும்; அங்கே ‘நல்’ அல்லாதவற்றுக்கு மட்டும் ஃபில்டர் போட்ட யூனிக் இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) வேண்டும்.

3. எண்ணின் அளவைத் தேர்ந்தெடுங்கள்

சாதாரண இன்ட் வகை 2,147,483,647 வரை போகும், சுமார் 214 கோடி. பார்ட்டி டேபிளுக்கு இது தாராளம். மெஷின் ரீடிங், லாக் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் நிறையும் டேபிளுக்கு பிக்இன்ட் வையுங்கள். என் பழக்கம் எல்லாவற்றுக்குமே பிக்இன்ட்தான். பதிவுக்கு 4 பைட் கூடுதல் செலவு. நிறைந்துவிட்ட டேபிளின் வகையை மாற்றும் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் டைனிஇன்ட் 127-லும், ஸ்மால்இன்ட் 32,767-லும் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போஸ்ட்கிரெஸில் சீரியல் என்று எழுதினால் கிடைப்பது இன்ட். பிக்இன்ட் வேண்டுமென்றால் பிக்சீரியல்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஃபாரின் கீ, அதாவது வேறொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் புலம். பார்ட்டி ஐடியை அன்சைன்ட் (மைனஸ் எண் இல்லாத) பிக்இன்ட்டாக வைத்துவிட்டு, லாட் டேபிளில் வெறும் இன்ட் என்று எழுதுவார்கள். மைஎஸ்க்யூஎல் ஃபாரின் கீ போட முடியாது என்று எர்ரர் காட்டும். அவர்கள் ஃபாரின் கீயையே எடுத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே சைன், எர்ரர் போய்விடும்.

4. டேபிளை உருவாக்குங்கள்

மைஎஸ்க்யூஎல்: ஐடி புலத்துக்கு ஆட்டோ இன்க்ரிமென்ட் கொடுத்து, அதையே பிரைமரி கீயாக்குங்கள். ஒரு டேபிளில் ஒரு புலத்துக்குத்தான் இது கிடைக்கும். அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸும் இருந்தாக வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்: 10 முதல் ‘ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி’ என்று எழுதலாம். ‘ஆல்வேஸ்’ இருந்தால் சாதாரண இன்சர்ட்டில் யாரும் கையால் எண் போட முடியாது, டேட்டாபேஸ் மறுத்துவிடும். ‘பை டிஃபால்ட்’ என்றால் கையால் போட்டதையும் ஏற்கும், ஆனால் கவுண்டர் (அடுத்து எந்த எண் என்று டேட்டாபேஸ் வைத்திருக்கும் கணக்கு) நகராது. இதன் விளைவைப் படி 9-ல் பாருங்கள். நான் ஆல்வேஸையே சிபாரிசு செய்வேன்.

எஸ்க்யூலைட்: ‘இன்டிஜர் பிரைமரி கீ’ என்று முழுச் சொல்லும் எழுத வேண்டும். ‘இன்ட்’ என்று சுருக்கினால் தானாக எண் விழாது. கூடவே ஆட்டோஇன்க்ரிமென்ட் என்ற சொல்லையும் சேர்த்தால், அழித்த பதிவின் எண் மறுபடி வராது. சேர்க்காவிட்டால் கடைசிப் பதிவை அழித்ததும் அதே எண் அடுத்த பதிவுக்குப் போய்விடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிட்டி 1, 1 (1-ல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடும்). ஆரக்கிளில் 12சி முதல் ஐடென்டிட்டி உண்டு. அதற்கு முந்தையதில் சீக்வென்ஸும் (எண் வழங்கும் கவுண்டர்) ட்ரிக்கரும் (இன்சர்ட்டின்போது தானாக ஓடும் கமாண்ட்) சேர்த்து எழுத வேண்டும்.

5. இன்சர்ட் செய்யும்போது ஐடியைக் கையால் தொடாதீர்கள்

இன்சர்ட்டில், அதாவது பதிவைச் சேர்க்கும் கமாண்டில், புலங்களின் பெயரை எழுதுங்கள். அந்தப் பட்டியலில் ஐடியை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் வேலை.

ஆனாலும் ‘இருப்பதில் பெரிய ஐடியை எடு, ஒன்றைக் கூட்டு, அதைப் போடு’ என்று எழுதும் பழக்கம் விடாமல் தொடர்கிறது. தனியாக உட்கார்ந்து சோதித்தால் இது என்றைக்கும் தப்பாகாது. அதுதான் இதன் ஆபத்து.

இதை நீங்களே பார்த்துவிடுவது நல்லது. ஒரே டேட்டாபேஸுக்கு இரண்டு டெர்மினல் திறந்துகொள்ளுங்கள். ஒன்று ராணிப்பேட்டை, மற்றது ஆம்பூர். இரண்டிலும் டிரான்ஸாக்ஷன் (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத வேலைத்தொகுப்பு) தொடங்குங்கள். இரண்டிலும் லாட் டேபிளின் மேக்ஸ் ஐடியைக் கேளுங்கள். இரண்டுமே 1184 என்று சொல்லும். ராணிப்பேட்டையில் 1185 என்று இன்சர்ட் செய்யுங்கள், கமிட் செய்யாதீர்கள், அதாவது முடித்து உறுதிப்படுத்தாதீர்கள். இப்போது ஆம்பூரிலும் 1185-ஐப் போடுங்கள். திரை அப்படியே நிற்கும். ராணிப்பேட்டை கமிட் செய்தவுடன் ஆம்பூரில் டூப்ளிகேட் கீ என்று எர்ரர் விழும்.

பிரைமரி கீ இருந்ததால் எர்ரரோடு தப்பித்தோம். பிரைமரி கீ போடாத டேபிளாக இருந்தால் இரண்டு லாட்டும் 1185 என்று அமைதியாக உள்ளே போயிருக்கும். ராணிப்பேட்டை ஆட்டுத்தோலுக்குப் போட்ட சலான், ஆம்பூர் மாட்டுத்தோல் லாட்டோடும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாக் எடுக்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

6. விழுந்த எண்ணைத் திரும்ப வாங்குங்கள்

லாட்டைப் போட்டாயிற்று. அதன் ஐடி சலானுக்கு வேண்டும். இங்கேயும் மேக்ஸ் ஐடியைக் கேட்பவர்கள் உண்டு. இடையில் வேறொருவர் போட்ட லாட்டின் எண் வந்து சேரும்.

மைஎஸ்க்யூஎல்லில் லாஸ்ட் இன்சர்ட் ஐடி ஃபங்ஷன் உங்கள் கனெக்ஷனில் விழுந்த எண்ணை மட்டுமே சொல்லும், மற்றவர்கள் செய்வது கலக்காது. ஆனால் கனெக்ஷன் பூல் (திறந்துவைத்த கனெக்ஷன்களைப் பலரும் பகிர்ந்துகொள்வது) இருந்தால், இன்சர்ட் செய்த அதே கனெக்ஷனில்தான் கேட்க வேண்டும். ஒரே இன்சர்ட்டில் பத்துப் பதிவு போட்டால் அது முதல் பதிவின் எண்ணைத்தான் தரும், கடைசியை அல்ல.

போஸ்ட்கிரெஸில் இன்சர்ட்டின் முடிவிலேயே ரிட்டர்னிங் ஐடி என்று எழுதுங்கள், கையோடு வந்துவிடும். எஸ்க்யூஎல் சர்வரில் இரண்டு ‘அட்’ குறியோடு தொடங்கும் ஐடென்டிட்டியை விட்டுவிட்டு ஸ்கோப் ஐடென்டிட்டியை எடுங்கள்; முதலாவது, ட்ரிக்கர் வேறொரு டேபிளில் போட்ட எண்ணைக்கூடக் கொடுத்துவிடும்.

லாட்டும் சலானும் ஒரே டிரான்ஸாக்ஷனில் போகட்டும். நடுவில் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்தே இல்லாமல் போக வேண்டும்.

7. இடைவெளி விழும், விட்டுவிடுங்கள்

1185-க்கு அடுத்து 1187 வந்தால் பதற வேண்டாம். ரோல்பேக் ஆன (கமிட் ஆகாமல் திரும்பப் பெறப்பட்ட) இன்சர்ட், எர்ரரில் நின்ற இன்சர்ட், மைஎஸ்க்யூஎல்லில் இன்சர்ட் இக்னோர் (மோதும் பதிவை எர்ரர் இல்லாமல் தவிர்ப்பது) எல்லாமே எண்ணைத் தின்றுவிடலாம். எஸ்க்யூஎல் சர்வர் எதிர்பாராமல் நின்று எழுந்தால் இன்ட் ஐடியில் ஆயிரம் வரை தாவுவதும் உண்டு.

ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுத்தவர் பாதியில் எழுந்து போனாலும் அடுத்து வருபவருக்கு அடுத்த எண்தான் கிழியும். போனவரின் டோக்கன் திரும்பி வருமா என்று காத்திருந்தால் வரிசை நகராது. டேட்டாபேஸும் அதனால்தான் எண்ணைத் திரும்ப வாங்குவதில்லை.

இடைவெளியை அடைக்கவென்று ஐடிகளை மறுபடி எண்ணிடுவது மட்டும் கூடவே கூடாது. அச்சாகிப் போன தாளில் பழைய எண் இருக்கிறது.

இதோடு சேர்ந்த, கொஞ்சம் நுணுக்கமான ஒரு விஷயம். பெரிய ஐடி என்றால் பிறகு கமிட் ஆனது என்று அர்த்தமில்லை. ஆம்பூர் 1201-ஐ வாங்கிக்கொண்டு இன்னும் கமிட் செய்யாமல் இருக்கிறது. ராணிப்பேட்டை 1202-ஐ வாங்கி முடித்துவிட்டது. வேலூர் ஆபீஸ் ப்ரோக்ராம் ‘1200-க்கு மேல் இருப்பதையெல்லாம் கொடு’ என்று கேட்டு 1202-ஐ எடுத்து, ‘1202 வரை எடுத்தாச்சு’ என்று குறித்துக்கொள்ளும். பிறகு கமிட் ஆகும் 1201 ரிப்போர்ட்டில் வரவே வராது. இப்படி எடுத்துக்கொண்டு போகும் வேலைக்கு ‘அனுப்பியாச்சா’ என்று ஒரு தனிப் புலம் வையுங்கள்.

8. பில் எண்ணும் சலான் எண்ணும் தனி

ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் தொடர் வரிசையில் இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நிதியாண்டுக்குள் ஒருமுறைதான் வர வேண்டும். எழுத்து, எண் தவிர ஹைஃபனும் சாய்கோடும் மட்டும் வரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளவும் இடமுண்டு. ஜாப் வொர்க்குக்குச் சரக்கு அனுப்பும் டெலிவரி சலானுக்கும் விதி 55 வரிசை எண்ணையும் 16 எழுத்து எல்லையையும் கேட்கிறது. இடைவெளி விழும் ஐடி இதற்கு ஆகாது.

வழி இதுதான். கவுண்டர் என்று ஒரு சின்ன டேபிள். புலங்கள் மூன்று: வரிசையின் பெயர், நிதியாண்டு, கடைசி எண். பில்லைச் சேமிக்கும் டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே அந்தப் பதிவின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டி அப்டேட் செய்யுங்கள். பிறகு அதே டிரான்ஸாக்ஷனில் அந்த எண்ணைப் படித்து பில்லில் எழுதி, கமிட் செய்யுங்கள். முதலில் அப்டேட், அப்புறம்தான் படிப்பது. மாற்றிச் செய்தால் படி 5-ன் பழைய வம்பு மறுபடி வரும்.

அப்டேட் ஆன பதிவு கமிட் வரை பூட்டப்பட்டிருக்கும், அடுத்தவர் காத்திருப்பார். ரோல்பேக் ஆனால் கவுண்டரும் பழைய எண்ணுக்கே திரும்பும். அதனால்தான் இடைவெளி விழாது. காத்திருப்பு குறைய வேண்டுமென்றால் எண் வாங்குவதை டிரான்ஸாக்ஷனின் கடைசி வேலையாக வையுங்கள்: சரக்கு விவரம், வரி, மொத்தம் எல்லாம் எழுதி முடித்த பிறகு எண், உடனே கமிட். பிரின்டருக்கு அனுப்புவது கமிட்டுக்கு அப்புறம்.

வரிசை, நிதியாண்டு, எண் மூன்றும் சேர்ந்த யூனிக் கட்டுப்பாட்டை பில் டேபிளில் கட்டாயம் போடுங்கள். ‘ஆர்பி/25-26/00418’ என்ற வடிவத்தை ஆங்கில எழுத்தில் அடித்தால் 14 எழுத்து; எல்லைக்குள் இருக்கிறது. ரத்தான பில்லை அழிக்காதீர்கள், ரத்து என்று நிலையை மாற்றுங்கள்.

ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டுக்கான பதிவு கவுண்டரில் இல்லாவிட்டால் அப்டேட் எந்தப் பதிவையும் தொடாது, எர்ரரும் வராது. அப்டேட் தொட்ட பதிவுகளின் எண்ணிக்கை சரியாக 1 தானா என்று ப்ரோக்ராம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். புது ஆண்டின் பதிவை மார்ச்சிலேயே 0 என்று போட்டுவையுங்கள்.

9. பழைய கணக்கை ஏற்றிய பிறகு ஐடியின் கவுண்டரைப் பாருங்கள்

எக்ஸெலில் இருக்கும் பழைய பார்ட்டி பட்டியலை, பழைய எண்களோடு அப்படியே போஸ்ட்கிரெஸில் ஏற்றுகிறீர்கள். 1 முதல் 640 வரை உள்ளே போய்விட்டது. சீக்வென்ஸுக்கு இது தெரியாது, அது இன்னும் 1-லேயே நிற்கிறது. அடுத்த புதுப் பார்ட்டிக்கு 1-ஐக் கொடுத்து, டூப்ளிகேட் கீ என்று விழும். மறுபடி அழுத்தினால் 2, அதுவும் விழும். ஏற்றி முடித்த கையோடு செட்வால் என்ற ஃபங்ஷனைக் கொண்டு சீக்வென்ஸை மேக்ஸ் ஐடிக்கு நகர்த்துங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் பெரிய எண்ணைக் கையால் போட்டால் கவுண்டர் தானே நகர்ந்துவிடும். ஆனால் 5.7-ல் வேறொன்று இருக்கிறது: இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லில் பதிவுகளைச் சேமிக்கும் பகுதி) கவுண்டரை மெமரியில்தான் வைத்திருக்கும். கடைசிப் பதிவுகளை வேறு டேபிளுக்கு மாற்றி அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், அழித்த எண்களே மறுபடி விழும். 8.0-ல் இது சரிசெய்யப்பட்டுவிட்டது.

என்னைக் கேட்டால் பழைய எண்ணை ஐடியாகவே ஏற்ற வேண்டாம். ‘பழைய எண்’ என்று எழுத்து வகையில் ஒரு புலம் வைத்து அதில் போடுங்கள். ஐடி புதிதாக விழட்டும். முதலில் பார்ட்டி, அடுத்து லாட், பிறகு சலான். ஒவ்வொன்றிலும் பழைய எண்ணைப் பொருத்திப் புது ஐடியை எடுங்கள். எக்ஸெலில் அந்தப் புலத்தை டெக்ஸ்ட்டாக மாற்றாமல் விட்டால் 00418 என்பது 418 ஆகிவிடும், அதையும் ஏற்றும் முன் பாருங்கள்.

10. நெட் இல்லாமலும் பதிவு வேண்டும் என்றால்

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தனித்தனி டேட்டாபேஸ் ஓடி, ராத்திரி வேலூரில் சேர வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் 1, 2, 3 விழுந்து சேரும்போது முட்டிக்கொள்ளும்.

இடம் மூன்றுதான், இனி அதிகமாகாது என்பது உறுதி என்றால், யூனிட் எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த பிரைமரி கீ போதும். இடைவெளி விட்டு எண் கொடுப்பதும் முடியும்: மைஎஸ்க்யூஎல்லில் இன்க்ரிமென்ட் 3, ஆஃப்செட் முறையே 1, 2, 3. நாலாவது யூனிட் பேர்ணாம்பட்டில் திறந்தால் இந்தக் கணக்கு உடையும். அதனால் 3-க்குப் பதில் ஆரம்பத்திலேயே 10 வையுங்கள்.

இடம் கூடலாம், போனிலிருந்தும் பதிவு வரும் என்றால் யூயூஐடி. 128 பிட் எண் இது. யாரையும் கேட்காமல் அந்தந்த இடத்திலேயே உருவாக்கிக்கொள்ளலாம். இதில் வகை 4 ஏறக்குறைய முழுக்கத் தாறுமாறான எண். இன்னோடிபி பதிவுகளைப் பிரைமரி கீ வரிசையில் அடுக்கிவைப்பதால், தாறுமாறாக வரும் எண் ஒவ்வொன்றும் நடுவில் எங்கோ நுழைந்து சேமிப்புப் பக்கங்களைப் பிளக்கும். டேபிள் பெரிதாகும்போது இன்சர்ட் மந்தமாகும். 2024-ல் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ள வகை 7, முன் 48 பிட்டில் மில்லிசெகண்ட் நேரத்தை வைப்பதால் ஏறக்குறைய வரிசையாகவே வரும். வகை 7-ஐ எடுங்கள். போஸ்ட்கிரெஸ் 18-ல் அதற்கு ஃபங்ஷனே இருக்கிறது. மற்றவற்றில் உங்கள் ப்ரோக்ராமிங் மொழியின் லைப்ரரியிலிருந்து உருவாக்கி அனுப்பலாம்.

சேமிக்கும்போது 36 எழுத்து டெக்ஸ்ட்டாக வைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸில் யூயூஐடி வகையே உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் பைனரி 16. இன்னோடிபியின் மற்ற ஒவ்வொரு இன்டெக்ஸிலும் பிரைமரி கீ ஒருமுறை சேர்ந்துகொள்ளும் என்பதால், இங்கே மிச்சமாகும் 20 பைட் பல மடங்காகும்.

11. வெளியே காட்டும்போது

பார்ட்டிக்கு அனுப்பும் லிங்கில் சலான் ஐடி 1185 என்று இருந்தால், 1186 என்று மாற்றி அடித்துப் பார்ப்பவர் இருப்பார். யூயூஐடி வைத்தால் ஊகிப்பது கடினம்தான், ஆனாலும் இந்த ஆளுக்கு இந்தச் சலானைப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பிக்இன்ட் ஐடியை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அனுப்பினால் டெக்ஸ்ட்டாக அனுப்புங்கள். 9,007,199,254,740,991-க்கு மேல் கடைசி இலக்கங்கள் பிசகும்.

12. ஒப்படைக்கும் முன்

படி 5-ன் இரண்டு டெர்மினல் சோதனையை இந்த முறை உங்கள் ப்ரோக்ராமை வைத்தே செய்யுங்கள், பில் கவுண்டருக்கும் செய்யுங்கள். ஒரு பில்லைப் பாதியில் ரோல்பேக் செய்து, அடுத்த பில்லுக்கு அதே எண் விழுகிறதா என்று பாருங்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, அங்கே ஒவ்வொரு டேபிளிலும் ஒரு புதுப் பதிவு போட்டுப் பாருங்கள். கவுண்டர் பின்தங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, பில் போடும் நடுவில் சோதனை சர்வரின் பவரைப் பிடுங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் யூபிஎஸ் கைவிட்டால் நடப்பது இதுதான். திரும்ப எழுந்ததும் மூன்றைப் பாருங்கள்: பாதிப் பில் எங்கும் இல்லை, கவுண்டரில் இருப்பது கடைசியாகக் கமிட் ஆன எண், லாட் ஐடியில் இடைவெளி விழுந்திருந்தாலும் பழைய எண் எதுவும் மறுபடி விழவில்லை.